அட்டைப்பெட்டிக்குள் பட்ட கண்

இடுப்பில் ஆணி அடித்தாற்போல் வலி. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் நிமிர முடியவில்லை. அனந்தநாராயணன் வீட்டு மாடியில், வெயிலில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மணிவண்ணன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். அவனைச் சுற்றி வெண்ணாறு நகரே திரண்டிருந்தது. படிக்கட்டின் கீழே செருப்புகள் குவிந்து கிடந்தன. பெண்கள் கையில் எலுமிச்சம்பழம், ஆண்கள் கையில் செல்போன். தெருவில் போன சைக்கிள்காரர் ஒருவர் கும்பாபிஷேகம் என்று நினைத்துக்கொண்டு, இறங்கி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

உள்ளே சாமி இல்லை. டிவி இருந்தது. எழுபத்தைந்து அங்குலம். அதற்குக் கண் பட்டுவிட்டதாம். கண் போட்டவன் மணிவண்ணனாம். கழிப்பதற்குத் திரைச்சித்தர் நீலமேகம் சுவாமிகள் கும்பகோணம் சாலையில் வந்துகொண்டிருக்கிறாராம்.

மணிவண்ணன் அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன். மற்ற மாதங்களில் தஞ்சாவூரில் ஒரு பெரிய டிவி கடைக்குச் சுமை தூக்குகிறவன். நெல் மூட்டைக்கு இரக்கம் உண்டு. முதுகு வளைந்தால் தானும் வளைந்து கொடுக்கும். டிவி வளையாது. படுக்கப் போடக் கூடாது, சாய்க்கக் கூடாது, மூச்சு வாங்க இறக்கி வைக்கவும் கூடாது. இந்த வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் கூட்டாளிக்குக் கால் வழுக்க, முழுப் பாரமும் மணிவண்ணன் இடுப்பில் இறங்கியது. டிவிக்கு ஒரு கீறல் இல்லை. அவன் அப்படிப் பிடித்தான்.

அனந்தநாராயணன் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். பணியில் இருந்தபோது, கடன் கேட்டு வந்தவனிடம் அவன் அப்பன் செத்ததற்கும் அத்தாட்சி கேட்டவர். டிவி வாங்குவதற்கு முன் மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்தார். கடையில் மூக்கு உரச நின்று, கறுப்பு எவ்வளவு கறுப்பு என்று பார்த்தார். ஓலெட்டில் கறுப்பு ஆழமா, மினி எல்.இ.டி.யில் வெளிச்சம் ஜாஸ்தியா என்று எதிர்வீட்டு ஹரிஹரசுப்ரமணியனோடு காபி ஆறும்வரை வாதாடினார். கடைசியில் இருவரும் ஒரே கடையில் ஒரே டிவியை வாங்கினார்கள். ஒற்றுமையால் அல்ல. தன்னுடையதைவிட அடுத்தவனுடையது நன்றாக இருந்துவிடக் கூடாதே என்ற அக்கறையால்.

கடையில் பளபளவென்று இருந்த படம் வீட்டுக்கு வந்ததும் மங்கிப்போனது. ஹரிஹரசுப்ரமணியன் வீட்டிலும் முதலில் அப்படித்தான்; நீலமேகம் வந்து கழித்துவிட்டுப் போனதும் சரியாகிவிட்டது. அனந்தநாராயணன் எதிர்வீட்டுக்கு ஓடிப் பார்த்தார், தன் வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தார்.

"ஒரே டிவி, ஒரே சேனல், ஒரே மேட்ச்! அங்க புல்லு நட்டு வெச்ச வயல் மாதிரி பச்சைப் பசேல்னு இருக்கு. நம்மாத்துல அறுத்துப் போட்ட தாள் மாதிரின்னா இருக்கு!"

"கண்ணுதான் ஓய்," என்றார் ஹரிஹரசுப்ரமணியன், பரம திருப்தியோடு.

நீலமேகம் இரண்டு வருடம் முன்புவரை கேபிள் நீலமேகம். கேபிள் தொழில் படுத்ததும் ஞானம் எழுந்து உட்கார்ந்தது. அவருடைய சாஸ்திரம் எளிது. "டிவிக்குள்ள இருக்கறது மூணே கலரு. செவப்பு செவ்வாய், பச்சை புதன், நீலம் சனி. மூணு கிரகத்தையும் ஒரே பெட்டியில அடைச்சு ஹால்ல மாட்டி வெச்சிருக்கீங்க. கண்ணு பட்டா சும்மா விடுமா?" எம்.எஸ்ஸி. படித்தவர்களும் தலையாட்டினார்கள். அவர்களுடைய பட்டங்களும் ஒரு காலத்தில் ஹாலில்தான் மாட்டியிருந்தன. டிவிக்கு இடம் வேண்டுமென்று கழற்றிவிட்டார்கள்.

வெற்றிலையில் மை தடவிப் பார்த்து, "தூக்கிட்டு வந்தவன் கண்ணு," என்று சொல்லிவிட்டார் சித்தர். சரியான ஆளைத்தான் பிடித்தார். எதிர்வீட்டுக்காரர் கண் என்று சொல்லியிருந்தால் வழக்கு வரும்.

அனந்தநாராயணன் கடைக்கு ஒரு போன் போட்டார். மறுநாள் கடை மேனேஜர் மணிவண்ணனை ஓரமாகக் கூப்பிட்டார். "உம்மேல தப்புன்னு நான் சொல்லலப்பா. கஸ்டமரு பயப்படுறாங்க. அவரு வாயாலேயே சரியாயிடுச்சுன்னு சொல்லட்டும், அப்புறம் வா."

சரியாவதற்கு வழியும் சித்தரே வைத்திருந்தார். கண் போட்டவன் எல்லார் முன்னாலும் வந்து நிற்க வேண்டும். 'என் கண்ணு தோஷம்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விபூதித் தண்ணீர் குடிக்க வேண்டும்.

"குடிச்சிட்டு வா, தண்ணிதானே," என்றாள் அவன் மனைவி செவ்வந்தி. "மானத்த அரைச்சுக் கொழம்பு வெக்க முடியாது. வேலை வேணும்ல?"

வேலைக்காகத்தான் வந்து நிற்கிறான்.

கார் வந்தது. நீலமேகம் இறங்கினார். நெற்றி நிறைய குங்குமம், கழுத்து நிறைய மணி, கையில் மூன்று கிரகத்துக்கு மூன்று கல் மோதிரம். பின்னால் காவி வேட்டி கட்டிய தாடிக்காரச் சீடன், பூசணிக்காயோடு. மாடியில் சிலர் காலில் விழுந்தார்கள். விழ இடமில்லாதவர்கள் வீடியோ எடுத்தார்கள்.

"எங்கடா அவன்?"

மணிவண்ணனை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"சொல்லு. என் கண்ணு தோஷம்."

மணிவண்ணன் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து இடுப்பு ஒரு வெட்டு வெட்டியது. சொல்ல வந்தது போய், உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"நான் பார்க்கவே இல்லீங்களே."

"என்னத்த?"

"டிவியத்தான். அட்டைப்பெட்டிக்குள்ளல்ல இருந்துச்சு? எறக்கி வெச்சோம், போயிட்டோம். நான் பார்த்ததெல்லாம் அட்டைதாங்க. கண்ணு பட்டிருந்தா அட்டை மேலதானே பட்டிருக்கணும்? அது அந்தா, மூலையில நல்லாத்தானே கெடக்கு."

எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள். அட்டைப்பெட்டி புது மணம் மாறாமல் இருந்தது. எவனோ களுக்கென்று சிரித்தான்.

சித்தர் அசரவில்லை. "பார்க்காம போடுற கண்ணுதாண்டா மோசம். அதுக்குப் பேரு குருட்டுத் திருஷ்டி. கழிக்க ரெட்டைச் செலவாகும்."

அனந்தநாராயணன் தலையாட்டினார். கடனுக்கு வட்டிமேல் வட்டி போட்டவருக்கு இது புரியும்.

அவர் மனைவி சரசாவுக்குப் புரியவில்லை. சரசா தபால் நிலையக் கவுன்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவள். உறையைப் பிரிக்காமலே உள்ளே காலியா என்று சொல்லிவிடுவாள். எதிர்வீட்டுக் கழிப்பின்போதே அவளுக்கு ஒரு சங்கதி உறுத்தியது. இப்போது அட்டைப்பெட்டியைப் பார்த்தாள், மணிவண்ணனைப் பார்த்தாள், சித்தரிடம் போனாள்.

"பூஜைக்கு என்னென்ன வேணும்?"

"எலுமிச்சை, வெத்தலை, சூடம், ரிமோட்டு."

"ரிமோட் எதுக்கு?"

"அதாம்மா டிவியோட நாக்கு. நாக்கைக் கட்டினாத்தான் தோஷம் எறங்கும்."

"உள்ள வேற யாரும் இருக்கப்படாதோ?"

"இருந்தா அது அப்படியே உங்க மேல தாவிடும்."

"ஐயையோ," என்றாள் சரசா. உள்ளே போய்த் தாம்பாளத்தில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். ரிமோட்டுக்குச் சந்தனம் தடவி, பொட்டு வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றினாள். கூட்டம் மெய்சிலிர்த்தது.

கதவு சாத்தப்பட்டது. மணி ஒலித்தது. மந்திரம் கேட்டது. எதிர்வீட்டில் சூடம் எரிந்து முடிவதற்குள் தோஷம் இறங்கிவிட்டது. இங்கே இறங்கவில்லை. மந்திரம் ஏறியது. மணி வேகம் பிடித்தது. பிறகு மணி நின்றது. உள்ளங்கையில் எதையோ தட்டுகிற சத்தம் மட்டும் 'பட், பட்' என்று வந்தது. நம் வீட்டில் எல்லோரும் எழுப்புகிற சத்தம்தான் அது. கூட்டம் அதையும் கைகூப்பிக் கேட்டது.

கதவு ஒரு விரற்கடை திறந்தது. தாடிக்காரச் சீடனின் மூக்கு தெரிந்தது.

"மாமி, ரெண்டு சின்ன பேட்டரி இருக்குமா?"

கூட்டம் கூப்பிய கையை இறக்கியது.

"எதுக்குப்பா? நாக்குக்கா, மந்திரத்துக்கா?" என்றாள் சரசா.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு பேட்டரி. கதவை அகலத் தள்ளினாள். "எல்லாரும் உள்ள வாங்கோ. யார் மேலயும் எதுவும் தாவாது."

உள்ளே திரைச்சித்தர் வியர்வையில் குளித்து நின்றார். குங்குமம் மூக்கில் வழிந்தது. கையில் பின்மூடி கழன்ற ரிமோட். சரசா அதை வாங்கிப் பூவைப் பிய்த்து எறிந்தாள். பேட்டரியைப் போட்டாள். அத்தனை பேர் முன்னாலும் படத்துக்கான அமைப்பைத் திறந்து உரக்கப் படித்தாள்.

"மின் சிக்கனம், உச்சம். வெளிச்சம், அடிமட்டம். கலர், அதுவும் அடிமட்டம். ஏத்தறேன், பாத்துக்கோங்கோ. இதோ செவ்வாய் வரார். இதோ புதன். இந்தா, சனியும் வந்தாச்சு."

படம் குப்பென்று மலர்ந்தது. கிரிக்கெட் மைதானம் ஆடி மழை கண்ட வயலாய்ப் பச்சை பிடித்தது.

"அடிமட்டத்துல வெச்சது யாரு?" என்றார் அனந்தநாராயணன். குரல் வங்கிக்குத் திரும்பியிருந்தது.

மணிவண்ணன் சுவரைப் பிடித்தபடி உள்ளே வந்தான். சீடனையே பார்த்தான். "இவருதாங்க அன்னிக்கு எங்க பின்னாடியே வந்து டிவிய மாட்டினவரு. ராகுல்னு பேரு. அப்ப தாடி இல்ல, பேன்ட் போட்டிருந்தாரு."

கணக்கு அவ்வளவுதான். கடையிலிருந்து டிவி மாட்ட வருகிற ராகுல் படத்தை மங்கவைத்து, சித்தரின் கார்டையும் கொடுத்துவிட்டுப் போவான். சித்தர் வந்து கதவைச் சாத்திக்கொண்டு பிரகாசமாக்குவார். இவன் இறக்க, அவர் ஏற்ற, நடுவில் நகரமே கைகூப்பி நிற்க.

"அப்ப எங்காத்துல கழிச்சதும் இதானா!" என்று அலறினார் ஹரிஹரசுப்ரமணியன். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அதற்குள் மோதிரம், மணி, தாடி எல்லாம் படியிறங்கிக் காரில் ஏறிவிட்டன. பூசணிக்காய் மட்டும் தங்கிவிட்டது.

"என்ன இருந்தாலும்," என்றார் கூட்டத்தில் ஒருவர், "ரிமோட்ட அழுத்தினாலும் அழுத்தின கை ராசியான கை." அவருக்குப் பக்கத்தில் நின்ற இருவர் ஆமோதித்தார்கள். இவர்களை நம்பித்தான் அடுத்த சித்தர் இப்போது எங்கேயோ தாடி வளர்த்துக்கொண்டிருக்கிறார்.

கூட்டம் கலைந்தது. மணிவண்ணன் போகவில்லை.

"ஐயா, கடைக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்க. நான் வேலைக்குப் போகணும்."

"பண்றேன், பண்றேன். இந்த ஓவர் முடியட்டும்." அனந்தநாராயணன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பச்சை அவ்வளவு பச்சையாக இருந்தது.

சரசாவே போன் போட்டுப் பார்த்தாள். புகார் சொன்னவர் பேரில்தான் பில் இருக்கிறது, அவரே சொல்ல வேண்டும் என்றார்கள். "ஏன்னா, ஒரு வார்த்தை சொல்லிடுங்கோளேன்," என்று அன்றும் சொன்னாள், மறுநாளும் சொன்னாள். அவருக்குக் கூச்சம். கண் பட்டது என்று ஊரறியச் சொல்லத் தெரிந்த வாய்க்கு, ஏமாந்தேன் என்று ஒரு மேனேஜரிடம் சொல்ல வரவில்லை. திரையில் புல்லின் நுனிகூடத் தெரிய வேண்டுமென்று லட்சத்தைக் கொட்டியவர். எதிரே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதன் தெரியவில்லை. அதற்கு ரிமோட் கிடையாது, யோசித்துத்தான் பார்க்க வேண்டும்.

மணிவண்ணன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான். அனந்தநாராயணன் அவனுக்கு ஒரு போன் பாக்கி வைத்திருக்கிறார்.