மாமாவின் கேடயமும் என் தொண்டையும்

எனக்கு இரகசியம் பேச வராது. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குக் கணக்கு வராது, எனக்கு இது. நான் ஒருவரின் காதுக்குள் சொல்லும் சங்கதி மூன்று வீடு தள்ளித் தெளிவாகக் கேட்கும். (பிறவிக் கோளாறு இல்லை. ஜேர்மனியில் பதினெட்டு வயதில் குளிர்சாதன மெக்கானிக்காகச் சேர்ந்தவன் நான். சூப்பர்மார்க்கெட்டுகளின் பின்பக்கத்து இயந்திர அறைகளில், அந்த இரைச்சலுக்கு மேலாகக் கத்திக் கத்தியே முற்றிய குரல் இது.)

லண்டனுக்கு வந்து வாசுகியைக் கலியாணம் செய்து நாலு மாதம் ஆகியிருந்த காலம் அது. அவளுடைய அப்பா சிவம், அதாவது என் மாமா, கவுன்சிலில் வேலை செய்தவர். பார்க்கிங் தண்டம் அநியாயம் என்று சனங்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதுதான் அவருடைய வேலை. “உங்கள் விளக்கத்தைக் கவனமாகப் படித்தோம், ஆனால்” என்று முப்பது வருடம் எழுதியவரின் முகம் எப்படி இருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். அவருக்கு ஒரு டொக்டர் மாப்பிள்ளை வேண்டும் என்ற ஆசை இருந்ததாக மாமி ஒருநாள் தோசை சுடும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டார். டொக்டருக்குப் பதிலாகக் கிடைத்தவன் நான். மாமா என்னோடு பேசிய ஒரே விஷயம் அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி.

“தம்பி, பிரிஜ் ஒரு மாதிரி முனகுது. ஒருக்காப் பாரும்.”

பார்ப்பேன். முனகல் நிற்கும். பேச்சும் அத்தோடு நின்றுவிடும்.

அந்த வருடம் ஒரு வாய்ப்பு வந்தது. மாமா படித்த பாடசாலையின் பழைய மாணவர்கள் ஆண்டுதோறும் ஹரோவில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பொது அறிவுப் போட்டி நடத்துவார்கள். நாற்பது மேசை, மேசைக்கு ஐந்து பேர். வெல்லும் மேசைக்கு ஒரு மரக் கேடயம். மாமாவின் அணி மூன்று வருடமாக இரண்டாம் இடம். மூன்று வருடமும் முதலிடம் பெற்றவர் அவருடைய வகுப்புத் தோழர், பல்வைத்தியர் பாலா. மாமாவுக்கு வலப்பக்கக் கடைவாய்ப் பல்லில் இரண்டு வருடமாக வலி. ஆனாலும் அவரிடம் போய் வாயைத் திறப்பதில்லை என்று இருந்தார்.

அணியின் ஐந்தாவது ஆளான வாசுகியின் சித்தப்பா கனடாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். ஆள் தேவைப்பட்டது.

“தம்பிக்குப் பொது அறிவு எப்பிடி?” என்று மாமா கேட்டார். குளிர்சாதனப் பெட்டி இல்லாத முதல் வசனம்!

“பள்ளிக்கூடத்திலை வினாடி வினா ரீமிலை இருந்தனான் மாமா” என்று சொல்லிவிட்டேன். (நேரம் முடிந்ததும் மணி அடித்தவன் நான். அதுவும் ரீம்தானே.)

அடுத்த இரண்டு வாரமும் வேலைக்குப் போகும் வழியெல்லாம் தலைநகரங்களையும் ஆறுகளையும் பாடமாக்கினேன். ஒரு வாடிக்கையாளர் குளிரறை எப்போது சரியாகும் என்று கேட்டதற்கு “உலான் பத்தோர்” என்று பதில் சொன்னதாக என்னுடன் வேலை செய்தவர் இன்றும் சொல்கிறார். நான் மறுக்கவில்லை.

போட்டி சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு. மண்டபம் நிறையப் பட்டுச்சேலையும் பொரித்த ரோல்ஸ் வாசமும். எங்கள் மேசையில் மாமா, மாமி, வாசுகி, அவளுடைய தம்பி மயூரன், நான். மயூரன் மருத்துவம் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். பேனை மாமாவின் கையில். பக்கத்து மேசையில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், பாலா. அவர் பற்கள் எல்லாம் தெரியச் சிரித்தார். தொழில் விளம்பரம்.

கேள்வி கேட்டவர் மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட லலிதா டீச்சர். மைக்கைத் தட்டிவிட்டுத் தொடங்கினார். “எல்லாரும் கேளுங்க. ஒவ்வொரு சுற்று முடிஞ்சதும் விடைத்தாள வாங்கிருவோம். அதுக்கப்புறம்தான் விடைய சொல்வேன். போன் பாக்குறவங்கள வெளிய அனுப்பிருவேன், ஆமா.”

முதல் சுற்றில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் பாடமாக்கிய தலைநகரம் ஒன்றுகூட வரவில்லை. இரண்டாம் சுற்றில்தான் அந்தக் கேள்வி வந்தது.

“செல்சியஸ், பாரன்ஹைட், ரெண்டு அளவுலயும் ஒரே எண் காட்டுற வெப்பநிலை எது?”

என் வாழ்க்கை முழுவதும் நான் காத்திருந்த கேள்வி! குளிரோடு குடித்தனம் நடத்துபவன் நான். மாமா புருவத்தைச் சுருக்கினார். மயூரன் தாளில் கணக்குப் போடத் தொடங்கினான். நான் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மாமாவின் காதருகே குனிந்து, மிக மிக மெதுவாகச் சொன்னேன்.

“மைனஸ் நாற்பது!”

மாமாவின் தலை மறுபக்கம் துள்ளியது. பிறகு சுற்றியிருந்த மேசைகளில் எல்லாம் பேனைகள் சரசரவென்று ஓடும் சத்தம். பாலா திரும்பிப் பார்த்துப் பெருவிரலை உயர்த்தினார்.

“தாங்ஸ் தம்பி.”

மாமா கடைவாயைத் தடவிக்கொண்டார். “ஏன் தம்பி, மெதுவாச் சொல்ல ஏலாதோ?”

“மெதுவாத்தான் மாமா சொன்னனான்.”

“எழுதிக் காட்டுங்கோவன் குகன்” என்று வாசுகி ஒரு கடதாசித் துண்டைத் தந்தாள். அடுத்த விடையை எழுதிக் காட்டினேன். என் கையெழுத்தை மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்.

“இதென்ன, பெருவோ பேரனோ?”

“பெரு!” என்றேன், உதவி செய்யும் ஆர்வத்தில். ஏழு மேசைகள் எழுதிக்கொண்டன.

கடைசிச் சுற்றுக்கு முன் தேநீர் இடைவேளை. பலகையில் புள்ளிகளைப் போட்டார்கள். நாங்கள் முதலிடம்! பாலாவின் மேசை ஒரே ஒரு புள்ளி பின்னால். கடைசிச் சுற்றில் பத்துக் கேள்வி, பத்தாவது கேள்விக்கு மட்டும் ஐந்து புள்ளி. மாமா ரோல்ஸைக் கையில் வைத்தபடி சாப்பிடாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி என் தொண்டையைப் பார்த்தார்.

“தம்பி, கடைசிச் சுற்று முடியுமட்டும் நீர் வெளியிலை காத்து வாங்கிக்கொண்டு நிண்டால் என்ன?”

மாமி, “இஞ்சேருங்கோ!” என்று அதட்டினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. டொக்டர் மாப்பிள்ளை என்றால் காற்று வாங்கச் சொல்லியிருப்பாரா? அந்த ரோசத்தில்தான் என் மூளையில் அந்தத் திட்டம் உதித்தது. மாமாவைத் தேநீர் மேசைக்கு அப்பால், கைகழுவும் இடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன்.

“மாமா, நான் கதைச்சால் எல்லாருக்கும் கேக்குதுதானே? அப்ப மண்டபத்துக்கு நான் பிழையான விடையை உரத்துச் சொல்றன். எங்கடை மேசைக்கு நீங்கள் சரியானதை எழுதுங்கோ.”

மாமா விதிமுறைத் தாளை எடுத்து இரண்டு தரம் வாசித்தார். மடித்துப் பைக்குள் வைத்தார். “பிழையான விடை சொல்லக்கூடாது எண்டு இதிலை இல்லை” என்றார், ஒரு முறையீட்டை முதன்முறையாக ஏற்றுக்கொள்ளும் குரலில்.

கடைசிச் சுற்றில் நான் ஒரு நடிகன். நாலாவது கேள்வி: ஸ்கொட்லாந்தின் தேசிய விலங்கு எது? நெற்றியில் ஒற்றைக் கொம்புள்ள யூனிகோர்ன் என்று மாமாவுக்குத் தெரியும். சத்தமில்லாமல் எழுதினார். நான் அவருடைய கையைப் பிடித்து, “சிங்கம் மாமா, சிங்கம்! எனக்கு வடிவாத் தெரியும்!” என்று இரகசியம் பேசினேன். பாலாவின் பேனை ஓடியது. பின்னால் நாலைந்து மேசைகளிலும் ஓடியது. மாமா மேசைக்கு அடியில் என் முழங்காலைத் தட்டினார்.

“கெட்டிக்காரன்.”

நாலு மாதத்தில் முதல் பாராட்டு. அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை. தலையில் அடித்துக்கொண்டேன், கதிரையிலிருந்து பாதி எழும்பினேன், ஒரு தடவை வாசுகியோடு பொய்ச்சண்டைகூடப் பிடித்தேன். (அவள் அதை உண்மைச் சண்டை என்றே நினைத்தாள் என்பது பின்னால் தெரிந்தது.)

பத்தாவது கேள்வி. ஐந்து புள்ளி.

“ஒக்டோபஸுக்கு எத்தனை இதயம்?”

எங்கள் மேசையில் எல்லோரும் மயூரனைப் பார்த்தோம். அவன் உதட்டைப் பிதுக்கினான். பிறகு முழு டொக்டராகவே மாறி, மாமாவின் காதில் சொன்னான். “ஒண்டுதான் அப்பா. ட்ரஸ்ட் மி. இதயம் எண்டால் ஒண்டுதான்.”

மாமா எழுதினார்: ஒன்று. இனி என் வேலை. எல்லோரும் நம்பக்கூடிய எண்ணாகவும் இருக்கவேண்டும், மடத்தனமாகவும் இருக்கவேண்டும். இரண்டு போதாது. ஒரு பிராணிக்கு எவன் மூன்று இதயம் வைப்பான்? எழும்பியே நின்றுவிட்டேன்.

“மூண்டு மாமா! மூண்டு இதயம்! எழுதுங்கோ, மூண்டு!”

மேடைக்கு அருகில் இருந்த மேசைகள்கூடத் திரும்பிப் பார்த்தன. பேனைகள் ஓடின. நான் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, கேடயத்தை மாமா வீட்டு வரவேற்பறையில் எங்கே மாட்டலாம் என்று யோசித்தேன். ஆணி அடிப்பது எப்படியும் நானாகத்தான் இருக்கும்.

தாள்களை வாங்கித் திருத்தினார்கள். லலிதா டீச்சர் விடைகளை வாசித்தார். யூனிகோர்ன் என்றதும் எங்களைச் சுற்றி ஒரு முனகல் எழுந்தது. பலபேர் என்னை முறைத்தார்கள். நான் தாழ்மையாகப் புன்னகைத்தேன். மாமா பாலாவைப் பார்த்துப் பற்கள் தெரியச் சிரித்தார், கடைவாய்ப் பல் உட்பட.

“கடைசிக் கேள்வி. ஒக்டோபஸுக்கு மூணு இதயம்.”

மண்டபம் அதிர்ந்தது. கைதட்டல், விசில், மேசையில் குத்தும் சத்தம்.

“ஒரு விஷயம் சொல்லணும்” என்று டீச்சர் தொடர்ந்தார். “இத்தன வருஷம் நடத்துறேன், இப்படிப் பார்த்ததே இல்ல. இந்தக் கஷ்டமான கேள்விக்கு முப்பத்தொன்பது மேசை சரியா எழுதியிருக்கு. ஒரே ஒரு மேசைதான் தப்பு.”

எந்த மேசை என்று அவர் சொல்லவில்லை. நல்ல மனுஷி. ஆனால் நாங்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்ததில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முதலிடத்தில் இருந்த நாங்கள் ஆறாம் இடத்துக்குப் போனோம். கேடயத்தை வாங்கிய பாலா மைக்கைப் பிடித்தார். “சிவத்தின்ரை மருமகனுக்கு நன்றி சொல்லாமல் நான் இறங்கக்கூடாது. தம்பி இல்லாட்டி இண்டைக்கு இது எனக்கில்லை.” மற்ற முப்பத்தொன்பது மேசையும் எழுந்து நின்று கை தட்டியது. எங்கள் மேசையில் மாமியும் தட்டினார், பழக்கதோஷம்.

நான் மலசலகூடத்துக்குள் போய்ப் பத்து நிமிடம் கை கழுவினேன். வாசுகி கதவைத் தட்டி, “குகன், கார் வெளிக்கிடப்போகுது” என்றாள். “நான் பஸ்ஸிலை வாறன்” என்றேன். “அப்பா உங்களை விட்டிட்டுப் போகமாட்டன் எண்டு நிக்கிறார்.” அது அன்பா தண்டனையா என்று புரியாமல் போய் ஏறினேன்.

காரை மாமா ஓட்டினார். மயூரன், மனித இதயத்தைத்தான் தனக்குப் படிப்பித்தார்கள் என்பதை யன்னலுக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். ஒரு சந்தி வந்தது. அன்று காலை அந்த வழியாக வேலைக்குப் போயிருந்ததால் எனக்குத் தெரியும்.

“மாமா, நேர போகாதேங்கோ. றோட்டு வேலை நடக்குது. இடப்பக்கம் திருப்புங்கோ.”

மாமா காரை நிறுத்தினார். பின்னால் ஒருவர் ஹோர்ன் அடித்தார். மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார்.

“தம்பி, இது மேசைக்கோ, மண்டபத்துக்கோ?”

முதலில் மாமிதான் வெடித்தார். பிறகு வாசுகி. பிறகு மாமாவின் தோள்கள் குலுங்குவதைப் பின்சீற்றிலிருந்து பார்த்தேன். பச்சை விளக்கு இரண்டு தரம் வந்து போய்விட்டது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் சொன்ன முதல் பகிடி அது.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வி எங்கள் குடும்பத்தின் சொத்தாகிவிட்டது. கறிக்கு உப்புப் போதும் என்றால் கேட்பார்கள். நாளைக்கு மழை இல்லை என்றால் கேட்பார்கள். வாசுகியிடம் இந்தச் சேலை வடிவாக இருக்கிறது என்று நான் மனமாரச் சொன்னாலும், அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதையே கேட்பாள். சொந்தக்காரப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். அதில் பாதிப்பேர் அந்தப் போட்டி நடந்தபோது பிறக்கவேயில்லை.

இரண்டு வருடம் கழித்து எங்கள் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரி நடையில் நின்று மாமாவுக்குப் போன் எடுத்தேன்.

“மாமா, பொம்பிளைப்பிள்ளை! ரெண்டு பேரும் சுகம்!”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு மாமா கேட்டார்.

“மேசைக்கோ, மண்டபத்துக்கோ?”

“மேசைக்குத்தான் மாமா.”

போனை வைத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் இன்னொரு அழைப்பு. தெரியாத இலக்கம். எடுத்தால் பல்வைத்தியர் பாலா.

“தம்பி, குறை நினைக்காதையும். சிவம் இப்ப போன் எடுத்து, பேத்தி பிறந்திருக்கு எண்டு அழுறான். ஆர் சொன்னது எண்டு கேட்டன். நீர்தான் சொன்னதெண்டான். அதுதான், ஒருக்காப் போனை நேர்ஸிட்டைக் குடும், உண்மையோ எண்டு கேப்பம்.”