சோடா டப்பா குறையவே இல்லை

மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, சமையல் சோடா கலந்த தண்ணீரை பஸ் டிரைவர் ஒரே மடக்காகக் குடித்தபோது, சமையலறை வாசலில் மருமகள் நின்றாள்.

"மாமா!"

"உஷ்! உங்க அத்தை காதுல விழுந்தா என் கதை கந்தல்."

டிரைவருக்கு இதயத்துக்கு ஒரு மாத்திரை, ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை. இரண்டும் உள்ளே போனால் நெஞ்சுக்குழி அடுப்பாக எரியும். ஒரு ஸ்பூன் சோடா, நீளமாக ஒரு ஏப்பம், அப்புறம் சொர்க்கம்தான். ஆனால் டெப்போ டாக்டர், "சோடா பிரஷரை ஏத்தும், மாத்திரையையும் ஒழுங்கா வேலை செய்ய விடாது" என்று சொல்லி அவருக்குத் தடை போட்டிருந்தார். பிரஷர் மாத்திரை சாப்பிடும் அவர் மனைவிக்கும் அதே தடைதான். அன்றிலிருந்து மனைவி வீட்டுப் போலீஸ்.

"டாக்டர் வேண்டாம்னாரே மாமா?"

"டாக்டருக்கா எரியுது? எனக்கில்ல எரியுது! யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணும்மா."

மருமகள் பாவம், சத்தியம் செய்தாள். எடுத்த சோடாவுக்கு ஈடாக டிரைவர் ஒரு ஸ்பூன் மைதாவை டப்பாவில் கொட்டிக் குலுக்கினார். வெள்ளைக்கு வெள்ளை. யாருக்குத் தெரியப்போகிறது?

அடுத்த பரிசோதனையில் பிரஷர் எகிறியிருந்தது.

"இன்னொரு தடவை இப்படி வந்தா பஸ்ஸை மறந்துடுங்க" என்றார் டாக்டர். "தொலைஞ்ச பொருள் அறையில உக்காந்து குடைங்களுக்குக் காவல் காக்கலாம். முதல்ல உப்பைக் குறைங்க."

மனைவி குறைக்கவில்லை, ஒழித்தே விட்டாள்.

டிரைவர் தட்டைப் பார்த்தார். "இதுல என்னதான் போட்டிருக்கே?"

"அக்கறை."

அக்கறை தொண்டையில் இறங்க மறுத்தது. டெப்போ கேன்டீனில் பொரித்ததாகப் பார்த்து வெளுத்துக் கட்டினார். வயிறு இன்னும் எரிந்தது. ஒரு ஸ்பூன் இரண்டானது. சோடா வேறு வர வர வாயில் கரித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். ஒரு நாள் வளைவில் ஹாரனுக்கு முன்னால் ஏப்பம் முந்திக்கொள்ள, எதிரே வந்த சைக்கிள்காரர் பதறி ஒதுங்கினார்.

மருந்துக்கடைக்கார அம்மா வயிற்றெரிச்சல் டானிக் கொடுத்து, "மாத்திரையோட சேர்த்துக் குடிச்சிடாதீங்க அண்ணே, இடைவெளி விடணும்" என்றாள்.

"விட்டாப் போச்சு!"

வீட்டிலோ, மனைவியின் காலடி கேட்ட அவசரத்தில் மாத்திரை, டானிக், சோடா எல்லாம் ஒன்றாக உள்ளே போயின.

ஒரு நாள் உப்பு ஜாடி காலியாக இருந்தது.

"உப்பே போடாத வீட்டுல உப்பு எப்படித் தீர்ந்துச்சு?" என்றார் டிரைவர்.

"எறும்பு" என்றாள் மனைவி.

"எறும்பு உப்பா தின்னும்?"

"நம்ம வீட்டு எறும்பு தின்னும்."

விசாரணையை நீட்டினால் அது சோடா டப்பா வரை வந்துவிடும் என்று டிரைவர் வாயை மூடிக்கொண்டார்.

கடைசிப் பரிசோதனைக்கு மனைவியும் மருமகளும் கூட வந்தார்கள். டாக்டர் பட்டையைச் சுற்றினார், காற்றடித்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"குடைங்க காத்துக்கிட்டிருக்கு."

டிரைவர் உடைந்துபோனார். "சோடா குடிச்சேன் டாக்டர்! தினமும் திருட்டுத்தனமா குடிச்சேன்! இனிமே தொட மாட்டேன், பஸ்ஸை மட்டும் பிடுங்கிடாதீங்க!"

சொல்லிவிட்டு, இடி விழக் காத்திருப்பவர் போல மனைவி பக்கம் திரும்பினார். அவளோ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, திட்டேன்!"

"விடுங்க. வயிறு எரிஞ்சா மனுஷன் என்னதான் பண்ணுவாரு?"

டிரைவருக்கு இடியே பரவாயில்லை என்று தோன்றியது. "டாக்டர், இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு, முதல்ல இவளைப் பாருங்க!"

மருமகளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"ரெண்டு பேருமே என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க டாக்டர்! மாமா குடிக்கிறது அத்தை சோடாவைத் திருடிட்டு ஈடா கொட்டி வச்ச உப்பு, அத்தை குடிக்கிறது மாமா திருடிட்டுக் கொட்டி வச்ச மைதா; அந்த டப்பாவுல சோடா தீர்ந்து ரொம்ப நாளாச்சு!"