கூடத்துக்குள் ஒரு நூற்பு மெஷின்

பொத்.

கண்ணைத் திறக்காமலே புரிந்துவிட்டது. வாசலில் சின்ன வெங்காய மூட்டை இறங்கிவிட்டது.

என் மனைவி அன்புக்கரசி திண்டுக்கல்லில் மூன்று பிரியாணிக் கடைகளுக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கிறாள். நான் நூல் மில்லில் நிரந்தர நைட் ஷிப்ட். இருபத்திரண்டு வருடமாகப் பகலைக் கனவில்தான் பார்க்கிறேன். அந்தத் தூக்கத்திலும் மதியம் இரண்டு மணி நேரத்தை, அவளோடு உட்கார்ந்து உரிக்க வேண்டிய வெங்காயம் பிடுங்கிக்கொண்டது. மீட்டே தீருவதென்று சபதம் செய்தேன்.

வழியும் அமைந்தது. புது மெஷின் பழக, கண்ணில் மாட்டும் கருவி ஒன்றை மில்லில் கொடுத்தனுப்பினார்கள். மாட்டினால் வீடு அப்படியே தெரியும்; நம் கூடத்திலேயே, டிவிக்கும் பீரோவுக்கும் நடுவில், நூற்பு மெஷின் வந்து நிற்கும். இல்லாத மெஷினில் அறுந்த நூலை இருக்கிற கையால் முடிச்சுப் போடலாம். தினம் அரை மணி நேரப் பயிற்சி. வீட்டில் இரண்டு மணி நேரம் என்றேன்.

"இதப் போட்டா வீடே தெரியாது அரசி. மெஷின் மட்டுந்தான்."

"நானு?"

"நீயும் தெரிய மாட்ட."

"அதான் மூஞ்சி இம்புட்டுத் தெளிவா இருக்காக்கும்."

மூன்று நாள் நாற்காலியில் சாய்ந்து, கருவிக்குள் சொர்க்கமாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் விழித்தபோது, மெஷினின் வயிற்றைப் பிளந்துகொண்டு ஒரு டீ டம்ளர் வந்தது. கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது.

"செத்த இருங்க. உள்ள எறும்பு கெடக்கு."

குனிந்து பார்த்தேன். "எங்க? எறும்பே இல்லையே."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

"இல்லாத எறும்பு இல்லைன்னே தெரியுது," என்றாள். "இருக்கிற வெங்காயம் தெரியாதாக்கும்?"

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "நைட்டெல்லாம் முழிச்ச கண்ணு அரசி. எரியும்."

அவள் கிட்டே வந்து கருவியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அதுக்குத்தான சுத்தி ரப்பர் வச்சு அடைச்சிருக்காக. கழட்டாம உரிங்க."

முன்பாவது கண்ணீர் துடைக்க என்று அஞ்சு நிமிஷம் எழுந்து போவேன்.

டீ நன்றாகத்தான் இருந்தது. குடித்து முடித்தேன். மெஷினில் பீரோ பக்கம் நூல் ஒன்று அறுந்து தொங்கியது. கத்தியை எடுத்து முதல் வெங்காயத்தின் முனையைச் சீவினேன்.