ஓர் எண் பின்தங்கிய சுவர்

குடிநீர் வாரியத்தின் வட்ட அலுவலகத்தில், தம் முறைக்காகக் காத்திருக்கும் பொதுமக்கள் மனச்சோர்வு அடையாதிருக்கும் பொருட்டு, ஒன்பது திரைகளை அடுக்கி ஓர் ஒளிச்சுவர் நிறுவப்பட்டது. எங்கள் தெருவில் வராத தண்ணீர் அந்தச் சுவரில் அருவியாகக் கொட்டியது. வாரிய இயக்குநர் பொத்தானை அழுத்தித் திறந்துவைத்து, "இந்த ஒளி இனி ஒருபோதும் அணையாது" என்று பேசினார். கைத்தட்டலுக்காக ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் பெரியவர்கள் பேச்சுக்குச் சொல்வதை அலுவலகங்கள் தட்டச்சு செய்துவிடுகின்றன. மறுநாளே சுற்றறிக்கை வந்தது: ஒளிச்சுவர் எக்காரணம் கொண்டும், எக்காலத்தும், ஒரு கணமேனும் அணைக்கப்படலாகாது.

அந்தச் சுவரை மாட்டிக் கொடுத்ததும் பராமரிப்பதும் என் வீட்டுக்காரர். தண்ணீர் வாரியத்தின் ஏணியில் பாதி நாள் நிற்கிற மனிதரின் வீட்டில் குழாய் இல்லை. இதை நான் யாரிடம் சொல்லி அழுவது? கீழ் வீட்டு அக்கா தன் குழாயில் பிடித்துக்கொள்ள விட்டாள். குடம் நிறையும் வரை தன் மருமகளைப் பற்றிச் சொல்வாள். குடம் நிறைந்துவிடும், மருமகள் முடியமாட்டாள். அந்த அக்காவும் மாதக் கடைசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனோடு இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டாள். அதற்குள் எங்களுக்கு ஒரு குழாய் வந்தாக வேண்டும்.

"உங்க ஆபீஸ்தானே, உள்ள ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நான் சுவரு. அவங்க குழாய். ரெண்டும் வேற வேற பிரிவு" என்றார்.

அதனால் நானே மனு எழுதிக்கொண்டு போனேன். வாசல் ஜன்னலில் மனுவைக் கொடுத்தால் அதன்மேல் ஓர் எண்ணைக் குத்தி, அதே எண் போட்ட சீட்டை நம் கையில் தருவார்கள். உள்ளே கவுன்ட்டர் குமாஸ்தா மணியை அழுத்துவார். அடுத்த மனு அவர் கம்ப்யூட்டரில் திறக்கும். அதன் எண் ஒளிச்சுவரின் வலது ஓரத்தில் ஆள் உயரத்துக்குத் தெரியும். ஏற்பாடு அருமையான ஏற்பாடு. அந்த வலது ஓரத்து மூன்று திரைகள் மட்டும் எப்போதும் ஒரு படம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தன.

நான் போய் உட்கார்ந்தபோது இயக்குநர் தண்ணீர் குடிக்கும் வீடியோ ஓடியது. முகமும் கழுத்தும் நடுத் திரைகளில் இருந்தன. டம்ளர் இருக்க வேண்டிய வலது ஓரத்தில், முந்தைய வீடியோவின் மண் அள்ளும் இயந்திரம் நின்றது. இயக்குநர் அந்த இயந்திரத்தின் வாயிலிருந்து மண்ணைக் குடித்துவிட்டு, "தூய்மையான குடிநீர்" என்று புன்னகைத்தார். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அரசாங்க இடத்தில் எதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று எங்களுக்குத் தெரியாது.

என் எண் நாற்பது. முப்பத்தொன்பது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெத்தைக்கடைக்காரர். அவர் கடையில் குழாய் ஒழுகி, சரக்கெல்லாம் ஊறிக் கிடக்கிறது, இணைப்பைத் துண்டித்துவிடுங்கள் என்று கேட்க வந்திருந்தார். குமாஸ்தா மணியை அழுத்தினார். அவர் கம்ப்யூட்டரில் நாற்பதாம் மனு, அதாவது என் மனு, திறந்தது. சுவரில் முப்பத்தொன்பது தெரிந்தது. மெத்தைக்கடைக்காரர் எழுந்து போனார், திரும்பி வரும்போது முகம் வெளுத்திருந்தது.

"புது இணைப்பு குடுத்திருக்காங்கம்மா. இருக்கிற ஒண்ணே மிதக்குது, இன்னொண்ணு போடுறாங்களாம்" என்றார்.

அது என் குழாய் என்று அப்போது எனக்குத் தெரியாது. பாவம் என்று நினைத்தேன். பிறகு சுவரில் நாற்பது வந்தது.

"மீட்டர் வேகமா ஓடுதா?" என்றார் குமாஸ்தா.

"மீட்டரே இல்லைங்க. புது இணைப்பு கேட்டு வந்திருக்கேன்."

"மனுவுல அப்படி இல்லையே. மீட்டர் காத்தாடி மாதிரி சுத்துது, நிறுத்தித் தரணும்னு உருக்கமா எழுதியிருக்கீங்க."

"அது என் எழுத்தே இல்லைங்க. இது நாப்பத்தொண்ணோட மனுவா இருக்கும்."

"அம்மா, ஆள் யாருங்கிறத அடையாள அட்டையப் பார்த்து எழுதுவேன். என்ன வேணுங்கிறத மனுவப் பார்த்து எழுதுவேன். ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லி எந்த உத்தரவும் இல்ல."

இரண்டு நாளில் வீட்டுக்கு ஒரு ஆள் வந்தார். மீட்டர் எங்கே என்றார். இல்லை என்றேன். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, 'மீட்டர் ஓடவில்லை, குறை தீர்ந்தது' என்று எழுதி என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சாயங்காலம் வீட்டுக்காரருக்கு டீயில் சர்க்கரை போடவில்லை.

அவர் பாட்டுக்குக் கசப்பு டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாக விளக்கினார். "கேபிள மாத்திப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கு. இடது திரையக் கழட்டி வலது பக்கம் மாட்டினேன். நல்லா ஓடிட்டிருந்தது, அங்க போனதும் அதுவும் பின்தங்குது. ஆக, குத்தம் திரையில இல்ல. கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டு வீடியோ கார்டு இருக்கு. வலது பக்கத்துக்கான கார்டுல டிரைவர் பழசு."

டிரைவர் என்றால் கம்ப்யூட்டர் சொல்வதை வாங்கிக் கார்டுக்குப் புரிகிற மாதிரி சொல்லும் மென்பொருளாம். இடது பக்கத்தில் புதியது இருந்தது. வலது பக்கத்தில் இருந்த பழையதோ புதுப் படத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு முந்தைய படத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"அப்ப புதுச போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?"

"போட்டா ஒருவாட்டி அணைச்சு ஏத்தணும். ஒரு டீ குடிக்கிற நேரம் சுவரு இருட்டா இருக்கும். அதான் கூடாதுன்னு உத்தரவு இருக்கே."

அலுவலகக் கண்காணிப்பாளரிடம் அவர் கேட்காமலில்லை. கண்காணிப்பாளர் ஆழ்ந்து யோசித்துவிட்டு, "சுவரு பின்தங்கலை தம்பி. மனுக்கள்தான் கொஞ்சம் அவசரப்படுது" என்றாராம். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. 'அவசரப்படும் மனுக்கள் குறித்து ஆராயும் குழு' ஒன்றை அமைத்து, என் வீட்டுக்காரரை அதில் உறுப்பினராகவும் போட்டுவிட்டார். இவரும் இஸ்திரி போட்ட சட்டையில் கூட்டத்துக்குப் போய் வந்தார்.

இதற்குள் ஊர் சுதாரித்துக்கொண்டது. நமக்கு நம் பின்னால் இருப்பவரின் மனுதான் கிடைக்கிறது என்றால், நம் மனுவை அவர் கையில் கொடுத்துவிட்டால் போயிற்று. வாசல் வரிசையில் எல்லாரும் திரும்பி நின்று அவரவர் மனுவைப் பின்னாலிருப்பவரிடம் கொடுத்தார்கள். முதல் ஆள் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். அதற்கும் முத்திரை குத்தப்பட்டது. கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இல்லை. அவர் மறுநாள் வந்து மறுபடி கடைசியில் நிற்காதிருந்தால் பிழைத்தார். வேலைகள் மளமளவென்று நடந்தன.

கொஞ்ச நாளில் அது நாகரிகமாகவும் ஆகிவிட்டது. பேக்கரியில் ரொட்டி கேட்பவர் பின்னாலிருப்பவரைக் கேட்கச் சொன்னார். போட்டோ ஸ்டுடியோவில் 'இயக்குநர் பாணி' என்று ஒன்று வந்தது. படத்தின் வலது கால்வாசிக்கு, அதற்கு முன் எடுத்தவரின் படத்தை ஒட்டிவிடுவார்கள். கல்யாணமான புதிதில் ஒரு ஜோடி போய் எடுத்துக்கொண்டு வந்தது. பெண்ணின் தோளில் விழுந்திருந்த கை, முன்னால் எடுத்துக்கொண்டு போன ஒரு போலீஸ்காரருடையது. அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள்.

ஊரெல்லாம் குழாய் திறந்தது, எனக்கு மட்டும் இல்லை. தீர்ந்துபோன குறையை மறுபடி கேட்கக் கூடாதென்று என் அடுத்த இரண்டு மனுவை ஜன்னலிலேயே திருப்பிவிட்டார்கள். கீழ் வீட்டு அக்கா பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். வீட்டுக்காரர் குழுக் கூட்டத்திலிருந்து வந்து, "சுவர அணைக்காம அணைக்கிறது எப்படின்னு இன்னும் முடிவாகல" என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ராத்திரி நேரத்து அணைக்கட்டுன்னு ஒரு வீடியோ ஓடுதுன்னு சொல்லிட்டு அணைச்சுத் தொலைங்க. ராத்திரியில அணைக்கட்டு இருட்டாத்தானே இருக்கும்?"

எரிச்சலில் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு மரியாதையோடு அவர் என்னைப் பார்த்ததில்லை.

மாதக் கடைசி வாரத்தில் என் மனுவை ஒருவழியாக ஜன்னலில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். போனேன். வரிசையில் எனக்கு முன்னால் மெத்தைக்கடைக்காரர். இப்போது அவருக்கு இரண்டு இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அவர் தன் மனுவை என்னிடம் கொடுத்தார். நான் என் மனுவை எனக்குப் பின்னால் நின்ற டியூஷன் டீச்சரிடம் கொடுத்தேன். மெத்தைக்கடைக்காரருக்கு முன்னால் நின்ற சலூன்காரர், புது இணைப்பு கேட்கும் தன் மனுவை அவரிடம் கொடுத்தார். எல்லாம் முறைப்படி நடந்தது. எண் குத்தி வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தோம்.

கண்காணிப்பாளர் மேடையேறினார். முன்வரிசையில் இயக்குநர் உட்கார்ந்திருந்தார்.

"பொதுமக்களின் கலாரசனையை மேம்படுத்தும் வகையில், 'நள்ளிரவில் நமது அணைக்கட்டு' என்னும் காட்சி இப்பொழுது முதன்முறையாகத் திரையிடப்படுகிறது. அனைவரும் அமைதி காக்கவும்."

ஒன்பது திரையும் கறுத்தன. டிரைவரை மாற்றப்போகிறார், மனுக்களோ கைமாறிக் கிடக்கின்றன. எழுந்து ஏணியைப் பார்த்தேன். ஏணி மேலிருந்து வீட்டுக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். எனக்கு ஓர் இன்ப அதிர்ச்சி கொடுப்பதாக நினைப்பு. "ஐயோ, இன்னைக்கு வேணாங்க" என்று கையை ஆட்டினேன். நான் மகிழ்ச்சியில் கையசைப்பதாக எண்ணி அவரும் அசைத்தார்.

கூடம் இருட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. "தண்ணி மட்டம் குறைஞ்சிருக்கு" என்று ஒரு தாத்தா கவலைப்பட்டார். "ரொம்ப இயற்கையா எடுத்திருக்காங்க" என்றார் இயக்குநர். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு சுவர் விழித்தது. இயக்குநர் டம்ளரில் தண்ணீர் குடித்தார். முதல் தடவையாக அது தண்ணீர்.

குமாஸ்தா மணியை அழுத்தினார். அவருக்கு எந்த எண் திறந்ததோ அதே எண் சுவரிலும் தெரிந்தது. அன்று வந்த அத்தனை பேருக்கும் முன்னாலிருந்தவரின் மனு போய்ச் சேர்ந்தது. மெத்தைக்கடைக்காரருக்கு மூன்றாவது இணைப்பு கிடைத்தது. "இனி மீன்தான் வளக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். எனக்குத் துண்டிப்பு உத்தரவு கிடைத்தது, இரண்டு இணைப்புக்கு.

அன்று வீட்டில் டீயே போடவில்லை.

துண்டிப்புப் பிரிவிலிருந்து வந்தவர் மீட்டர் ஆள் மாதிரி இல்லை, கடமை தவறாதவர். "குழாய் எங்கம்மா?" என்றார்.

"இல்லைங்க. அதுக்காகத்தான் நாயா அலையுறேன்."

"இல்லாதத நான் எப்படித் துண்டிக்கிறது? துண்டிக்காம உத்தரவ எப்படி முடிக்கிறது?" என்று வாசலிலேயே நின்று யோசித்தார். பிறகு, துண்டிக்கும் பொருட்டு அவசரமாக இரண்டு இணைப்புகள் வழங்க வேண்டும் என்று குழாய்ப் பிரிவுக்கு எழுதினார். அவசரம் என்று ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்கு அதுவரை எழுதியதே இல்லையாம். மறுநாளே ஆட்கள் வந்து தோண்டினார்கள். சமையலறையில் ஒன்று, குளியலறையில் ஒன்று. திறந்தேன். தண்ணீர் வந்தது. நான் அதன் கீழே கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன், அழுகை வந்துவிட்டது.

"துண்டிக்கிறது எப்ப?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

"துண்டிப்புக்கு உங்களுக்குப் புது எண்ணு போட்டிருக்கு, அது சுவத்துல வரணும். வந்ததும் கையெழுத்துப் போட்டா மறுநாளே துண்டிச்சிடுவோம். இப்பத்தான் சுவரு நல்லா ஓடுதே, ரெண்டு நாள்ல வந்திடும்" என்று கூடவே வந்திருந்த துண்டிப்புக்காரர் தைரியம் சொன்னார்.

ஓட்டமாக அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு முன்பே பாதி ஊர் அங்கே நின்றது. வேண்டாத உத்தரவு வந்து அதன் புண்ணியத்தில் வேண்டியது கிடைத்தவர்கள் என்னைப் போலவே எத்தனையோ பேர். எல்லாரும் என் வீட்டுக்காரரின் ஏணியைச் சுற்றி நின்றார்கள்.

"ஏங்க, அந்தப் பழைய டிரைவரத் திரும்பப் போடுங்க" என்றேன்.

"போடலாம். ஆனா அது ஒரு எண்ணுதான் பின்தங்கும். அப்பவும் உன் எண்ணு வந்துடுமே?"

"அப்ப எத்தனை எண்ணு பின்தங்க வைக்க முடியும்?"

அவர் தலையைச் சொறிந்தார். நான் இருட்டை நினைத்துக்கொண்டேன். பொதுமக்கள் சார்பில் அன்றே ஒரு விண்ணப்பம் போனது, முதல் கையெழுத்து என்னுடையது. தாம் திறந்துவைத்த சுவரில் மக்கள் மனங்கவர்ந்த காட்சி அதுதான் என்று அறிந்த இயக்குநர் நெகிழ்ந்துபோனார். இப்போது 'நள்ளிரவில் நமது அணைக்கட்டு' அலுவலக நேரம் முழுவதும் ஓடுகிறது. சுற்றறிக்கைப்படி சுவர் ஒரு கணமும் அணைக்கப்படவில்லை. எந்த எண்ணும் வருவதில்லை. குமாஸ்தா மணியடிக்காமல் படம் பார்க்கிறார்.

வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொடுக்க மதியம் நான் அங்கே போவதுண்டு. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். நேற்று பக்கத்தில் ஒரு புதுப்பெண் வந்து உட்கார்ந்தாள். கையில் சீட்டு, காலடியில் காலிக் குடம். போகிற வழியில் எங்காவது பிடித்துக்கொண்டு போகலாம் என்று கொண்டுவந்திருப்பாள்.

"அக்கா, வீட்டுல சொட்டுத் தண்ணி இல்ல. என் எண்ணு எப்ப வரும்?" என்று மெல்லக் கேட்டாள்.

"பேசாம படத்தப் பாரும்மா, பின்னால இருக்கிறவங்களுக்கு மறைக்குது" என்றேன்.