தலைப்பு டெஸ்க்கில் போடுவார்கள்

ஸ்ரீரங்கம்,
14 மார்ச், சனிக்கிழமை.

மதிப்பிற்குரிய கே.கே. நகர் திரு. ரெங்கராஜ் அவர்களுக்கு, ஸ்ரீரங்கம் அழகிரி வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் மகள் யமுனாவும் இங்கே சௌக்கியம். தாங்களும் தங்கள் வீட்டம்மா மாரியாயி அவர்களும், குறிப்பாக அவர்களுடைய வலது முழங்காலும், சௌக்கியமாக இருக்க அரங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன்.

தாங்கள் பிப்ரவரி 27ஆம் தேதியிட்டு எழுதிய கடிதம் மார்ச் 2ஆம் தேதி காலை பதினொன்றே காலுக்குக் கிடைத்தது. பதில் எழுதப் பன்னிரண்டு நாள் ஆனதற்கு மன்னிக்கவும். அதில் கண்ட காரணங்கள் ஒவ்வொன்றையும் நேரில் விசாரித்து, நிவர்த்தி செய்த பிறகே எழுதுவது என்று இருந்தேன். இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. எனவே வருகிற 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தாங்கள் குடும்பத்தோடு வந்து, என் மகளுக்கும் தங்கள் மகனுக்கும் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பத்து நாலு வருஷம் ஒரு நாளிதழுக்குத் திருச்சி நிருபராக இருந்தவன். சொன்னதை எழுது, சொல்லாததை எழுதாதே என்பதுதான் என் முதல் ஆசிரியர் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம். விபத்து என்றால் பஸ் எண் என்ன, மோதியது என்ன மரம், காயம் யாருக்கு எந்தக் காலில் என்று அனுப்பிவிடுவேன். மொத்தத்தில் விஷயம் என்ன என்று பார்த்துத் தலைப்புப் போடுவது டெஸ்க்கில் இருக்கும் உதவி ஆசிரியர்களின் வேலை. நான் ஒரு தலைப்புக்கூடப் போட்டதில்லை. வீட்டில் அந்த வேலையை என் மனைவி ஆனந்தவள்ளி பார்த்துக்கொண்டாள். உறவுக்காரர் கடிதம் வந்தால் நான் உரக்கப் படிப்பேன். கேட்டுவிட்டு, "நம்மள வர வேண்டாங்குறாங்க" என்பாள். எந்த வரியில் இருக்கிறது என்று கேட்பேன். "வரியிலயா இருக்கும்?" என்பாள். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. எனக்கு அறுபத்தெட்டு, யமுனாவுக்கு இருபத்தொன்பது. எனக்குப் பிறகு அவள் தனியாக நின்றுவிடக் கூடாது என்பது ஒன்றுதான் என் கவலை. ஆகையால் தங்கள் கடிதத்தை நானே நாலு முறை படித்து, உள்ளதை உள்ளபடி எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 8ஆம் தேதி தாங்கள் ஐந்து பேர் பெண் பார்க்க வந்தீர்கள். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. நடுவில் மின்விசிறி நின்றுவிட்டது. யமுனாவோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை வேலை பார்க்கும் ஜோஸ் அன்று உதவிக்கு வந்திருந்தார். ஸ்டூல் போட்டு ஏறிச் சரிசெய்தார். தங்கள் வீட்டம்மா அண்ணாந்து பார்த்து, "பொண்ணுக்கு அண்ணனா?" என்று கேட்டார்கள். "இல்லீங்க" என்று யமுனா உடனே பதில் சொன்னாள். அன்று முழுவதும் அவள் சபையில் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். அதன்பின் தாங்கள் சீக்கிரமே எழுந்து, "போயிட்டுத் தகவல் சொல்றோங்க" என்றீர்கள். "எந்தத் தேதிக்குள்ளங்க?" என்று கேட்டேன். தாங்களும் வீட்டம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள். அடுத்த பத்தொன்பது நாளில் நான் ஏழு முறை போன் செய்ததும், ஏழாவது முறை காரணங்களை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொண்டதும் தங்களுக்கு நினைவிருக்கும். எழுத்தில் தந்த பண்புக்கு நன்றி.

முதல் காரணம், தங்கள் வீட்டம்மாவுக்கு மூட்டு வலி, எங்கள் மாடிப்படி ஏற முடியாது, குணமானதும் பார்க்கலாம் என்பது. படிகளை எண்ணினேன். பதினெட்டு. தாங்கள் எழுதியது நியாயம்தான். வையம்பட்டியில் ஒருவர் மூட்டு வலிக்குத் தைலம் காய்ச்சிக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, பஸ்ஸில் போகக் கிளம்பினேன். வெயிலில் தனியாகப் போக வேண்டாம் என்று ஜோஸ் லீவு போட்டுவிட்டு வந்து பைக்கில் அழைத்துப் போனார். ஜோஸ் பாலக்கரைக்காரர், வயது முப்பத்தொன்று, நிதானமாக வண்டி ஓட்டுபவர். மணப்பாறையில் டீ குடிக்க நிறுத்தியபோது கேட்டார்: "சார், இந்த இடம் யமுனாவுக்குப் பிடிச்சிருக்குங்களா?"

"பிடிக்கலைன்னு சொல்லலையே" என்றேன்.

"பிடிச்சிருக்குன்னு சொன்னாங்களா சார்?"

"அதையும் சொல்லலை."

ஜோஸ் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். டீயில் குறை ஒன்றும் இல்லை. நான் முழுக்கக் குடித்தேன். தைலத்தை வாங்கிக்கொண்டு மாலை நாலரைக்குத் தங்கள் வீட்டுக்கு வந்தோம். வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தங்கள் வீட்டம்மா என்னைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். மூட்டு வலிக்காரர் என்று சொல்ல முடியாத வேகம். தைலத்தை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தோம். தைலம் தேய்ப்பதற்கு முன்பே இந்த முன்னேற்றம் என்றால், தேய்த்த பிறகு பதினெட்டுப் படி ஒரு பொருட்டே அல்ல. இருந்தாலும் முன்னெச்சரிக்கையாக, கீழ் வீட்டு வீரமலை அன்று காலை தன் கூடத்தை ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் பேசிச் சம்மதிக்க வைத்ததும் ஜோஸ்தான்.

இரண்டாவது காரணம், வீட்டில் வெள்ளையடிப்பு வேலை நடக்கிறது, அது முடியாமல் எதையும் யோசிக்க முடியாது என்பது. தைலம் கொடுக்க வந்த அன்றே இதைக் கவனித்தேன். சாரம் இல்லை, வாளி இல்லை, தரையில் ஒரு சொட்டுச் சுண்ணாம்பு இல்லை. பெயிண்டர் சொல்லிவிட்டு வராமல் ஏமாற்றியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். "அப்பா, அவங்க சுவரு அவங்க பாடு, விட்டுடுங்களேன்" என்றாள் யமுனா. ஒரு ஆள் வராததற்காக ஒரு கல்யாணம் நிற்கக் கூடாது என்று சொல்லி, ஜோஸுக்குத் தெரிந்த பாசில் என்ற பெயிண்டரை மறுநாளே அனுப்பினேன். தாங்கள் "வேணாங்க, வேணாங்க" என்று கைகூப்பியதாகவும், பாசில் அதை மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டு, தாங்கள் உள்ளே போய் எனக்குப் போன் போடுவதற்குள் காம்பவுண்டுச் சுவரில் தெருப்பக்கம் பாதியை அடித்துவிட்டதாகவும் அறிகிறேன். நிறம் வெளிர் ஊதா. நான் சொன்னதல்ல, அவரிடம் அன்று மீந்திருந்தது அதுதான். வேண்டாம் என்றவரிடம் ஏன் வேலையை ஆரம்பித்தீர்கள் என்று விசாரித்தேன். "சார், பெரிய மனுஷங்க வேணாம்னா வேணும்னு அர்த்தம். இதெல்லாம் சொல்லியா தெரியணும்?" என்றார். சொல்லாததைப் படிக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சுவரே அத்தாட்சி. இதை வீட்டில் சொன்னபோது யமுனாவும் ஜோஸும் சமையலறைக்குள் போய்க் கால் மணி நேரம் சிரித்தார்கள். எதற்கு என்று கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் "ஒண்ணுமில்ல" என்றார்கள். அன்றைக்கு ஜோஸின் அம்மா செல்வமேரி ஒரு கேக் கொடுத்தனுப்பியிருந்தார். யாருக்குப் பிறந்த நாள் என்று கேட்டேன். "சும்மாதான் சார். யமுனாவுக்குப் பிடிக்கும்னு அம்மா செஞ்சாங்க" என்றார் ஜோஸ். நல்ல கேக்.

மூன்றாவது காரணம், ஜாதகத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும், தங்கள் குடும்ப ஜோதிடர் காசிக்குப் போயிருக்கிறார், எப்போது திரும்புவார் என்று தெரியாது என்பது. முகவரியைத் தாங்கள் எழுதவில்லை. ஜோஸும் நானும் திருவானைக்காவலில் நாலு பேரை விசாரித்துக் கண்டுபிடித்தோம். ஜோதிடர் பீமராவ் வீட்டில்தான் இருந்தார், தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காசியிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். "நான் சமயபுரம் தாண்டியே மூணு வருஷம் ஆச்சுங்க" என்றார். கை கழுவிவிட்டு வந்து இரண்டு ஜாதகத்தையும் பார்த்தார். "எட்டுப் பொருத்தம் இருக்கு. ஆனா அவங்க மனசுல என்ன இருக்குன்னு கட்டத்துல வராதுங்க" என்றார். அது எனக்குத் தேவையான தகவல் இல்லை. எட்டு என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். கிளம்பும்போது அவர் ஜோஸைப் பார்த்து, "தம்பிக்கு ஜாதகம் இருக்கா?" என்று கேட்டார். "எங்க வீட்ல எழுதற வழக்கம் இல்லைங்க" என்று பதில் வந்தது. "அப்ப உங்களுக்குக் கட்டத்துல ஒரு தடையும் இல்லை" என்றார் ஜோதிடர். இது நம் விஷயத்துக்குத் தொடர்பில்லாதது. நடந்ததை நடந்தபடி பதிவு செய்கிறேன்.

நான்காவது, தங்கள் மகன் பாலுவுக்கு ஓசூரில் வேலை அதிகம், தீபாவளி வரை லீவு கிடைக்காது என்பது. கம்பெனிக்குப் போன் செய்ய வேண்டாம் என்று யமுனா சொன்னாள். ஜோஸும் சொன்னார். இரண்டு பேர் ஒரே நாளில் ஒரே விஷயத்தைச் சொன்னால் நான் உறுதி செய்துகொள்வது வழக்கம், போன் செய்தேன். எடுத்தவர் தன் பெயர் மணிமேகலை என்றார். மிகவும் பொறுமையானவர். கல்யாண விஷயம் என்றதும் தேடிப் பார்த்து, இருபத்திரண்டு நாள் லீவு எடுக்காமல் கிடக்கிறது என்று சொல்லி, எனக்கு வாழ்த்தும் சொன்னார். பாவம், தங்கள் மகன் இதை அறியாமல் இருக்கிறார். தெரிவித்துவிடவும்.

கடைசி வரியில், "தங்கள் மகளுக்கு விரைவில் நல்ல வரன் அமைய அரங்கன் அருள் புரிவாராக" என்று வாழ்த்தியிருந்தீர்கள். சொந்த மகனை நல்ல வரன் என்று எழுதக் கூச்சப்பட்டு, யாரையோ சொல்வது போலப் பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். இந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த வரியை ஜோஸுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கடிதத்தை வாங்கித் தானும் ஒரு முறை படித்தார். பிறகு, "சார், நான் ஒரு நாள் உங்ககிட்ட வந்து பேசணும்" என்றார். தினமும் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், எதைப் பற்றி என்று கேட்டேன். "பொதுவா சார்" என்றார். பொது விஷயங்களை 22ஆம் தேதிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு நாற்காலி, பந்தி எல்லாவற்றையும் ஜோஸ்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன். சரி என்றார். குரல் இறங்கியிருந்தது. தொண்டைக்கட்டு என்று நினைக்கிறேன்.

ஆகவே காரணம் என்று இனி ஒன்றும் பாக்கி இல்லை. தங்கள் வரவுக்கு எங்கள் பதினெட்டுப் படியும் வீரமலை வீட்டுக் கூடமும் காத்திருக்கின்றன. வீட்டம்மாவுக்கு என் நமஸ்காரம். தைலத்தை இளஞ்சூட்டில் தேய்க்கச் சொல்லவும். தங்கள் இல்லத்தில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசிகள்.

இப்படிக்குத்
தங்கள் சம்பந்தி ஆகவிருக்கும்,
அழகிரி.

பின்குறிப்பு: எழுதிய செய்தியை அனுப்புமுன் இன்னொருவரைப் படிக்கச் சொல்வது என் பழைய பழக்கம். யமுனாவிடம் கொடுத்தேன். நின்றபடி படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள்.

"அப்பா, இது டெஸ்க்குக்குப் போனா என்ன தலைப்பு போடுவாங்க?"

"22ஆம் தேதி தட்டு மாற்ற ஏற்பாடு" என்றேன்.

"அது நடக்கப் போற செய்தி. இந்தப் பன்னண்டு நாள்ல நெஜமா நடந்தது என்னப்பா? பேரை எண்ணிப் பாருங்க."

பென்சிலை எடுத்து எண்ணினேன். என் கையெழுத்துக்கு மேலே, தங்கள் மகன் பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, லீவு விஷயமாக. ஜோஸ் பெயர் பதினான்கு இடத்தில் வருகிறது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். அதே கணக்குதான்.

"அம்மா இருந்திருந்தா ஃபேன் ஓடாதப்பவே கண்டுபிடிச்சிருப்பாங்க" என்றாள்.

எந்த வரியில் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

அதே பென்சிலோடு தங்கள் கடிதத்தையும் ஐந்தாம் முறையாகப் படித்தேன். இப்போது தெரிகிறது. நான் சொன்ன தலைப்பும் தப்பு, தங்கள் கடிதத்துக்கு நான் எழுதிய பதிலும் தப்பு. தங்கள் வீட்டம்மா எங்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு நிமிஷத்தில் படித்ததைப் படிக்க எனக்கு ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. ஆகவே மேலே கண்டவற்றில் தேதி, நேரம், சம்பந்தி என்ற சொல் ஆகிய மூன்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். வீரமலைக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். தைலம் தங்களிடமே இருக்கட்டும். சுவர் பழைய நிறத்துக்கு வர வேண்டுமானால் பாசில் வருவார். வேண்டாம் என்றால் கேட்டைப் பூட்டிவிடவும், வாயால் சொல்ல வேண்டாம். எனக்கு ஒரே கவலை என்று மேலே எழுதியிருந்தேன். அது தீர்ந்திருக்கிறது. நான் தீர்த்ததாகச் சொல்ல முடியாது. தங்கள் கடைசி வரி வாழ்த்து பலித்துவிட்டது. அதற்கு மட்டும் நன்றி.

இதைத் தபாலில் போட ஜோஸை வரச் சொல்லியிருந்தேன். வந்து, வழக்கம் போல ஹெல்மெட்டும் கையுமாக வாசலில் நிற்கிறார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். யமுனா காபிக்குப் பால் வைத்திருக்கிறாள். கடிதத்தை நானே கொண்டுபோய்ப் போடப் போகிறேன். தபால் பெட்டி எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. ஆனால் நான் திருவானைக்காவல் வரை நடந்து போய் அங்கே போடுவதாக இருக்கிறேன். போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். காரணம் எழுதவில்லை.