வின்னி ஃபால்ஸுக்குப் பெயர் வந்த விதம்

சாம்பியன் ரீப்ஸ்,
ஞாயிறு மாலை

அன்பும் மரியாதையும் உள்ள எல்வின் மச்சானுக்கு,

உங்கள் தங்கை வின்னியின் கணவன் மேக்ஸ்வெல் எழுதுவது. கர்த்தர் கிருபையால் அங்கே எல்லாரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகம் இல்லை. போனைத் தொடவே பயமாக இருப்பதால் பேப்பரில் எழுதுகிறேன்.

ரிட்டையர் ஆனதிலிருந்து என்னால் வீட்டில் உட்கார முடிவதில்லை. வருஷக்கணக்காக வேலைக்குப் போகப் பெங்களூர் ரயிலுக்கு ஓடின கால், சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அதனால் போன மாதம், ஆந்திர எல்லைக் காட்டுக்குள் பெயரே இல்லாத ஓர் அருவி இருக்கிறதாமே என்று வின்னியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஜீப் நின்ற இடத்திலிருந்து முள்ளிலும் பாறையிலும் பாதி நாள் நடை. வழியெல்லாம் "இன்னாங்க, இன்னும் எவ்ளோ தூரம்?" என்று சலித்துக்கொண்டே வந்தவள், அருவியைப் பார்த்ததும் சிரித்தாள், மச்சான். சிரித்தபடியே பாசிப் பாறையில் கால் வைத்து, சறுக்கிக்கொண்டு போய் மடுவில் விழுந்தாள். எனக்கு நீச்சல் தெரியாது. கால் ஓடவில்லை, வாய்தான் ஓடியது. எதிர்க்கரையில் பெங்களூர் வாலிபர்கள் சிலர் இருந்தார்கள், தமிழ் புரியுமோ புரியாதோ என்று பதறி, "வின்னி ஃபால்ஸ்! வின்னி ஃபால்ஸ்!" என்று இங்கிலீஷில் கத்தினேன். வின்னி விழுகிறாள் என்று அர்த்தம். ஒருவன் குதித்து அவளைக் கரை சேர்த்தான், அவன் நன்றாக இருக்கட்டும். இன்னொருவன், அதுதான் அருவியின் பெயராக்கும் என்று போன் மேப்பில் ஏற்றிவிட்டான்.

அதற்கப்புறம் சர்ச் வாசலில் ஆளாளுக்கு, "வின்னிக்கா, உங்க ஃபால்ஸ்ல தண்ணி வருதா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வின்னி வீட்டுக்கு வந்து, "நான் முழுகிக்கினு இருக்கேன், நீங்க நின்னுக்கினு இங்கிலீஷ் பேசறீங்க! அந்தப் பேரை எடுங்க, அப்பதான் வருவேன்" என்று சொல்லிவிட்டு, ராபர்ட்சன்பேட்டையில் சுனிதா வீட்டுக்குப் போய்விட்டாள். உங்கள் சின்னத் தங்கை வீடு, நிம்மதியாக இருக்கிறாள். நான் போனை எடுத்து மேப்பில் அங்கே இங்கே அமுக்கினேன். சரியான இடம் எது என்று அது கேட்டது, எதையோ தொட்டேன். பெயர் போகவில்லை, அருவிதான் காட்டைவிட்டுக் கிளம்பி நம் வீட்டுக்கு வந்துவிட்டது. இப்போது பைக் பைக்காக, தோளில் துண்டோடு வருகிறார்கள். "அங்கிள், ஃபால்ஸ் எல்லி?" என்கிறான் ஒருவன் கன்னடத்தில். குழாயில் தண்ணீர் வந்தே பல நாளாகிறது, நான் குடத்தோடு டேங்கர் லாரிக்குக் காத்திருக்கிறேன், என்னிடம் வந்து அருவி எங்கே என்கிறார்கள்! இன்னொருவன் பின்கட்டில் பாத்ரூம் வரைக்கும் போய்த் தேடிவிட்டு வந்தான்.

சோறு இறங்கவில்லை, மச்சான். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, இவனுக்கு நீச்சல்தான் வராது, உன்மேல் பிரியம் உண்டு என்று உங்கள் தங்கையிடம் சொல்லவேண்டும். அண்ணன் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம். கர்த்தர் உங்கள் எல்லார் கால்களையும் சறுக்காமல் காக்கட்டும்.

தங்கள்,
மேக்ஸ்வெல்

பி.கு.: மச்சான், வரவேண்டாம். கவரை ஒட்டுவதற்குள் வின்னி ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். கூட்டத்தைக் கேள்விப்பட்டுச் சண்டை போடத்தான் வந்தாள், வாசலில் நின்றவர்கள், "ஆன்ட்டி, அந்த வின்னி நீங்கதானா?" என்று சூழ்ந்துகொண்டு போட்டோ எடுத்தார்கள். பெயரைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்கிறாள் இப்போது. விழுந்த கதையை எல்லாருக்கும் அவளே சொல்கிறாள். அவள் கதையில் மடுவில் குதித்து அவளைத் தூக்கியது நான். கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.