முதலாளி லொறிக்குக் கடையடைப்பு

பதுளை பஜாரில் தடுக்கி விழுந்தால் ஒரு முதலாளியின் மேல்தான் விழவேண்டும். அரிசிக்கடை முதலாளி, துணிக்கடை முதலாளி, பேக்கரி முதலாளி என்று அத்தனை பேர். ஆனால் என் ஆயுளில் நான் கண்ட அசல் முதலாளிக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. அவர் ஒரு லொறி டிரைவர். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். வீட்டார் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. நான் அங்கே ஒரு லொறிக் கம்பெனியில் கிளார்க். தோட்டங்களுக்கு அரிசியும் உரமும் ஏற்றிப் போவதும், தேயிலைப் பெட்டிகளை ரயிலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் எங்கள் தொழில். இதே தொழிலைச் செய்த இன்னொரு கம்பெனியும் ஊரில் உண்டு. இரண்டும் கீரியும் பாம்பும். திடீரென்று ஒரு நாள் கீரியும் பாம்பும் கல்யாணம் செய்துகொண்டன. கல்யாணச் செலவு டிரைவர்கள் தலையில் விழுந்தது.

கொழும்பிலிருந்து புதிய மேனேஜர் வந்தார். என்னைப்போல யாழ்ப்பாணத்துக்காரர், என்னைப்போல் இல்லாமல் டை கட்டியவர். இனி மாதச் சம்பளம் கிடையாது என்றார். லொறிகளை டிரைவர்களுக்கே குத்தகைக்கு விடுவாராம். ஏற்றும் சுமைக்குக் கூலி. அதில் குத்தகை, பெற்றோல், டயர், ரிப்பேர் எல்லாம் போக மிஞ்சுவது டிரைவருக்கு. கிளீனர் வேண்டுமென்றால் அதுவும் அவர் செலவு. மழையில் மண் சரிந்து பாதை மூடினால் லொறி ஓடாது. குத்தகை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அநியாயம்தான். கையெழுத்துப் போடாதவருக்கு வேலை இல்லை என்றதால் எல்லோரும் போட்டார்கள்.

நம்மவர் மட்டும் பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“அப்ப வண்டி என்னோடதுங்களா ஐயா?”

“ஓம், உம்முடையதுதான். இண்டையிலிருந்து நீர்தான் முதலாளி.”

“நெசமாவே மொதலாளிதானுங்களே?”

“ஓமெண்டு சொல்லுறனே!”

மேனேஜர் பெரிய மனது பண்ணிச் சிரித்தார். அவர் கடைசியாக நிம்மதியாகச் சிரித்தது அன்றுதான்.

மறுநாள் லொறிக் கதவில் கம்பெனியின் பெயரைக் காணோம். சுண்ணாம்பு பூசி, மேலே ‘மீனாட்சி’ என்று எழுதியிருந்தது. மீனாட்சி அவருடைய மனைவி.

“கொம்பனியின்ர பேர் எங்க காணும்?”

“அழிச்சிட்டேங்க. அடுத்தவங்க பேர சும்மா சொமந்துக்கிட்டுத் திரிய முடியுங்களா? ஐயா வாடகை குடுத்தா ஒரு ஓரமா எழுதிக்கிறேன்.”

அன்றிலிருந்து ஊருக்கே அவர் முதலாளி.

ஒரு முறை மேனேஜர் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்துத் துரையைப் பார்க்க அவர் லொறியில் ஏறிப் போனார். திரும்பும்போது ஹப்புத்தளை வரைக்கும் ஏற்றம், முழுப் பாரம். கிழட்டு லொறி, நாலு வளைவுக்கு ஒருமுறை கொதிக்கும். நிறுத்தி ஓடைத் தண்ணீர் ஊற்றவேண்டும். ஹேண்ட்பிரேக் பிடிக்காததால், நிற்கிற அந்த நொடியில் ஒருவர் குதித்தோடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை வைக்கவேண்டும். அது கிளீனரின் வேலை.

“ஐயா, கட்டை!”

“நானோ?”

“கிளீனரை நிறுத்தினது நீங்கதானுங்களே! நான் கால எடுத்தா வண்டி பள்ளத்துல போய்த்தாங்க நிக்கும். சீக்கிரம்!”

மேனேஜர் குதித்தார். மழை வேறு. டை தோளுக்குப் பின்னால் பறக்க, மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓடியதை, மேலே நின்ற பெண்கள் கொழுந்து பறிப்பதை மறந்து பார்த்தார்களாம். மனிதருக்கு ஒரு வாரம் தடிமனும் தும்மலும். ஆனால் குத்தகை மட்டும் அசையவில்லை.

மாத முடிவில் முதலாளியின் கைக்கு ஒரு சதமும் வரவில்லை. தோட்டத்துக் கடைக்காரர் மீனாட்சிக்குக் கடனுக்கு அரிசி கொடுக்க மறுத்துவிட்டார். முதலாளி சிரிக்காமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டிரைவர்கள் எல்லோரும் கூடினார்கள்.

“வேலைநிறுத்தம் செஞ்சிருவமா அண்ணே?” என்றார் ஒருவர்.

“அது தொழிலாளி செய்யிறதுப்பா. நாமதான் மொதலாளியாச்சே. கடைய அடைப்போம்.”

மறுநாள் காலையில் லொறிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முகத்திலும் ‘இன்று கடையடைப்பு’ என்று ஓர் அட்டை. டிரைவர்கள் வெள்ளைச் சட்டை போட்டு, வெற்றிலை மென்றுகொண்டு, சம்பந்தி வீட்டார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

“எல்லாரையும் வேலையால நிப்பாட்டுவன்!” என்று மேனேஜர் குதித்தார்.

“மொதலாளிய எப்பிடிங்க நிப்பாட்டுவீங்க?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் எதிரே இருந்த மலையைப் பார்த்தேன்.

தொழிற்சாலைகளில் தேயிலைப் பெட்டிகள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. துரைமார் தொலைபேசியில் ஏசிய ஏச்சு என் மேசைவரை கேட்டது. கடைசியில் மேனேஜர் இறங்கி வந்தார். குத்தகை ரத்து, மாதச் சம்பளம் திரும்ப வரும், கிளீனர்களும் திரும்ப வருவார்கள். “ஆனா அந்த மனுசனுக்கு மட்டும் இனி இஞ்ச வேலை இல்லை.”

முதலாளிதான் முதலில் பேசினார். “நீங்க வண்டிய எடுங்கப்பா. புள்ளகுட்டிக்காரங்க. நான் என் பாட்டப் பாத்துக்கிறேன்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஒருவரும் வண்டியை எடுக்கவில்லை. பழைய எதிரிக் கம்பெனியின் டிரைவர் ஒருவர் இருந்தார். இணைப்புக்கு முன்னால் முதலாளியோடு பாதைக்குப் பாதை சண்டை பிடித்தவர். அவர்தான் எழுந்து சொன்னார்:

“மொதலாளி இல்லாம கடை எப்பிடிங்க தொறக்கும்?”

சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். எல்லோரும் உட்கார்ந்துகொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் மேனேஜர் அந்த நிபந்தனையையும் விழுங்கி, முதலாளியையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

சம்பள நாளன்று நம்மவர் அலுவலக வாசலில் வந்து நின்றார். “இனிமே நான் மொதலாளி இல்லீங்க, வெறும் டிரைவருதான்” என்று தலையைச் சொறிந்தார். என்னையறியாமல் எழுந்து நின்றேன். மேனேஜருக்குக்கூட அவ்வளவு வேகமாக நான் எழுந்ததில்லை.

“உள்ளுக்கு வாங்கோ, முதலாளி” என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் வேலை பார்த்துவிட்டேன். மனதார நான் அப்படிக் கூப்பிட்டது அவர் ஒருவரைத்தான்.